சூளைத்தெருவின் வெளிச்சம்

சூரியன் பிறப்பதற்கும் முன்னால் தன் வெளிச்சத்தை அனுப்பிவைத்த ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே சுக்கான்மேட்டுச் சூளைத்தெருவும் இருக்கிறது என்று தெரியவந்த அன்று, தெருவில் ஒருவரும் வேலைக்கு மட்டம் போடவில்லை. முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது, ஆண்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆலைக்குப் போனார்கள், வாசலில் விழுந்து கிடந்த சிமெண்ட் தூசியைப் பெண்கள் கூட்டிப் பக்கத்து வாசலுக்குத் தள்ளினார்கள், பக்கத்து வாசல்காரிகள் ஏசிக்கொண்டே அதற்கடுத்த வாசலுக்குத் தள்ளினார்கள், இப்படித் தெரு நெடுகத் தள்ளப்பட்டு வந்த தூசி எல்லாம் சேருகிற கடைசி வாசலில் காத்தமுத்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

அவருடைய மகள் வாலண்டினாதான் அந்த மண்டலத்தில் தெருவைக் கண்டவள். காத்தமுத்து ஆலையின் அரவைப் பகுதியில் மூட்டை தூக்கப் போய், சங்கம் கட்டி, கட்டிய சங்கம் உடைந்து, உடைந்ததை மறுபடி கட்டி, போலீஸ் வண்டியில் ஏறி இறங்கி, ஆலை வாசலில் கோஷம் போட்டே பாதித் தொண்டையைத் தேய்த்துக்கொண்டவர். மீதித் தொண்டையைத் தூசி தேய்த்தது. மகள் பிறந்தபோது சொந்தக்காரர்கள் அம்மன் பெயரை வைக்கச் சொன்னார்கள். அவர் விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரை வைத்தார். அவ்வளவு நீளத்துக்கு நாக்கு வளையாத தெரு அவளை வாலு என்று கூப்பிட்டது. வாலு படித்தாள், மேலே படித்தாள், தாயை அந்தத் தெருவிலேயே பறிகொடுத்துவிட்டு இன்னும் மேலே படித்தாள், கடைசியில் குளிரும் மூடுபனியும் உள்ள ஒரு மலையில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். என்ன வேலை என்று தெரு கேட்டது. தூரத்து விண்மீன் மண்டலங்களில் இருக்கிற தூசியைப் பற்றி ஆராய்கிற வேலை என்றாள்.

"தூசிய விட்டு ஓடிப்போய் தூசிக்கிட்டயே மாட்டிக்கிட்டியாடி?" என்றாள் செங்கமலம். பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை போட்டிருந்த அவள், இரண்டு வீடு தள்ளி இருந்தவள், வாலண்டினாவுக்குத் தாயில்லாத குறையைத் திட்டித் திட்டியே தீர்த்துவைத்தவள்.

அவளுக்கு வாலண்டினா சொன்ன விளக்கத்தைத் தெரு பிற்பாடு மனப்பாடமே செய்துவிட்டது. அந்த மண்டலங்களில் நட்சத்திரங்கள் பிறக்கிற இடத்தைச் சுற்றித் தூசி மண்டிக்கிடக்கும், சாதாரண வெளிச்சத்தைத் தூசி விழுங்கிவிடும், கண்ணுக்கு அங்கே கருப்புத்தான் தெரியும். ஆனால் விழுங்கிய வெளிச்சத்தைத் தூசியால் வைத்துக்கொள்ள முடியாது, மெல்லச் சூடேறி அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடும். அதைப் பார்க்க ஒரு தொலைநோக்கியைப் பூமிக்கு வெளியே மிதக்க விட்டிருக்கிறார்கள். தன்னுடைய சூடே தன் கண்ணை மறைத்துவிடும் என்பதால் அதைக் கடுங்குளிரில் வைத்திருக்கிறார்கள். அது அனுப்புகிற படத்தில் எங்கே பிரகாசம் அதிகமோ அங்கே தூசி அதிகம். பிரகாசத்தை வைத்துத் தூசியை எடைபோட்டுவிடலாம்.

"எடை போட்டு?" என்றாள் செங்கமலம்.

"போட்டு, எழுதி வைப்போம் அத்தை."

"அள்ள மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"அப்ப நீங்களும் கம்பெனி மாதிரிதான்."

இப்படி அவள் வேலை செய்துகொண்டிருந்த ஒரு நாள், காலைத் தேநீருக்குப் பிறகு, மிகத் தொலைவிலிருந்த ஒரு மண்டலத்தின் படம் திரையில் விரிந்தது. அதன் நடுவே ஒரு நீளக்கோடு, கோட்டின் ஒரு முனையில் சூளை வாய் மாதிரி ஒரு பிழம்பு, மறுமுனையில் மழுங்கிய ஒரு வளைவு. வளைவைப் பார்த்ததும் வாலண்டினாவுக்குத் தெரிந்துவிட்டது, அது அவர்கள் வீட்டைத் தாண்டி லாரிகள் திரும்புகிற முடுக்கு. படத்தைப் பெரிதாக்கினாள். பஸ் ஸ்டாண்ட் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, தாயைப் புதைத்த மேடு இருந்தது. கடைசி வாசலில் வெதுவெதுப்பாக ஒரு சின்னப் புள்ளி இருந்தது. புள்ளி நடுங்கியது, நின்றது, நடுங்கியது. தூரத்திலிருந்து பார்த்தாலும் அவளுக்கு அந்த இருமல் தெரியும்.

அவள் மலையேறி வந்தது அந்தத் தெருவைப் பார்க்காமல் இருப்பதற்காக. பார்க்க முடிந்ததிலேயே அதிகத் தொலைவுக்குப் பார்த்தாள், அங்கேயும் அது இருந்தது.

நிலையத்தின் தலைவர் பேராசிரியர் சுதர்சன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "ஊரா?"

"எங்க ஊர் சார்."

"கழிச்சுடும்மா," என்றார் அவர், காபியில் ஆடை விழுந்திருப்பதைச் சொல்வதுபோல. "பக்கத்துல வெறும் வானமா ஒரு இடத்தைப் பாரு, அதை இதுலேர்ந்து கழி. எப்பவும் செய்யறதுதானே."

எப்போதும் செய்வதுதான். எங்கும் பரவலாக இருக்கிற ஒளி பின்னணி. பின்னணியைக் கழித்தால்தான் பார்க்க வேண்டியது தெரியும். அவளே புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் அன்று அவள் கை கழிக்கிற விசைக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் மலையில் இல்லை, ஊரில் இருந்தது.

சூளைத்தெருவுக்கு ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. ஆற்றுக்கு அந்தப்புறம், காற்று ஆலைப் பக்கம் போகாமல் நேராக வந்து சேருகிற மேற்குமேட்டில், தெரு முழுவதற்கும் மாற்று இடம் கொடுக்க வேண்டும். இதற்காக ஊர்வலம் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், இருந்தவர்களில் சிலர் மாற்று இடத்துக்குப் போகாமல் மயான மேட்டுக்குப் போனார்கள். கடைசியாக அரசாங்கம் ஒரு விசாரணை அதிகாரியை நியமித்தது. தூசி ஆலையுடையதுதான் என்று நிரூபித்தால் மேற்குமேடு தெருவுக்கு. நிரூபிக்காவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். கம்பெனி ஒரு நிபுணரைக் கூட்டிவந்தது. அவர் தெருவில் ஒரு கருவியை வைத்தார், தெருவை ஒட்டிய பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் இன்னொன்றை வைத்தார், இரண்டாவது இடத்தில் இருப்பது மண்ணின் இயல்பு என்று சொல்லி முதலாவதிலிருந்து கழித்தார். மிச்சம் ஒன்றுமில்லை. வாலண்டினாவுக்கு அதில் தப்புச் சொல்ல வாய் வரவில்லை. அவளுடைய தொழிலும் அதுதான்.

காத்தமுத்துவின் நுரையீரலைப் பார்த்த டாக்டர், நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போனால் இருப்பார், இங்கேயே இருந்தால் இருக்கமாட்டார் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மகள் மலைக்குக் கூப்பிட்டாள். "தெரு போற அன்னிக்கு நானும் போவேன் ஆயி," என்றார் அவர். "கூட்டிக்கிட்டு வந்தவன் முதல்ல இறங்கி ஓடினா அதுக்குப் பேர் வேற." அவளுக்குத் தேவைப்பட்டது தெருவை வெளியே எடுக்க ஒரு வழி. திரையில் தெரு எடைபோடத் தயாராகக் கிடந்தது.

படத்தை அவள் தகப்பனாருக்கு அனுப்ப, காத்தமுத்து அதைப் பெரிய பிளெக்ஸில் அடித்துப் பஸ் ஸ்டாண்டில் கட்டினார். ஜனம் கூடியது. தங்கள் ஊர் வானத்தில் இன்னோர் இடத்திலும் இருப்பது பற்றி ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. இங்கேயே ரேஷன் கடைக்குப் போனால் கார்டில் ஒருத்தன் இரண்டு இடத்தில் இருக்கிறான், செத்தவன் உயிரோடு இருக்கிறான், உயிரோடு நிற்கிறவன் இல்லை. ஒரு தெரு இரண்டு இடத்தில் இருப்பதில் என்ன அதிசயம். அவரவர் வீட்டைத்தான் தேடினார்கள். தேடியபோதுதான் ஊருக்கு முதல் அதிர்ச்சி கிடைத்தது: சூளைத்தெரு ஜொலித்தது, பெரியதெரு மங்கிக் கிடந்தது.

பெரியதெருவில்தான் மாடிவீடுகள் இருந்தன, லாரிகள் இருந்தன, தண்ணீர்த் தொட்டி இருந்தது. சூளைத்தெருக்காரர்கள் அந்த வழியாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன காலத்தை மறக்காதவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். லாரி முதலாளி வைத்தியலிங்கம் பிளெக்ஸின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"என் வீடு எங்கடா?"

"அதோ மாமா, அந்த மங்கலா, எண்ணெய் இல்லாத விளக்கு மாதிரி," என்றாள் செங்கமலம். "இதோ பளபளன்னு இருக்கே, இது என் கடை."

"உன் கடை ஓலைக் கடை."

"ஓலைதான். பூமியில."

வைத்தியலிங்கம் அன்றைக்கே வீடு கூட்டுகிற பெண்களை நிறுத்தினார். அடுத்த வாரம் சூளைச் சாம்பலை லாரியில் ஏற்றி மொட்டைமாடியில் கொட்டினார். மலையிலிருந்து புதிய படம் வந்தபோது அவர் வீடு கொஞ்சம் மினுக்கியது. சூரியனுக்கு முந்திக் கிளம்பிய வெளிச்சத்தில் போன வாரத்துச் சாம்பல் எப்படி வந்தது என்று மலையிலும் ஒருவரும் கேட்கவில்லை, ஊரிலும் ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பெரியதெரு முழுக்கச் சாம்பலுக்கு அலைந்தது. கோயிலில் தினமும் கழுவிவிடுவதால்தான் சாமி இருட்டில் கிடக்கிறது என்று பிராகாரம் கழுவுவதை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டின் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். வாசலில் கூட்டிய தூசியைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளுகிற பழக்கம் சூளைத்தெருவிலேயே நின்றுபோய், அவரவர் தூசியை அவரவர் சாக்கில் கட்டி உள்ளே வைத்துக்கொண்டார்கள். வராத தூசிக்காகக் கடைசி வாசலில் காத்தமுத்து திகைத்து உட்கார்ந்திருந்தார். கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 'ஒளிரும் சுக்கான்மேடு' என்று காலண்டர் அடித்து வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தது.

அந்தக் காலண்டரைச் செங்கமலமும் கடையில் மாட்டினாள். காத்தமுத்து அதைப் பார்த்துவிட்டு இட்லியைத் தொடாமல் எழுந்தார்.

"என்ன தோழரே, சட்னி புளிச்சிடுச்சா?"

"அது வெளிச்சம் இல்ல செங்கமலம். உன் புருசனோட நெஞ்சு. என்னோட நெஞ்சு. அதை எரிச்சுக் காட்டறான், நீ ஆணியடிச்சு மாட்டிவச்சிருக்க."

"தெரியும் தோழரே," என்றாள் அவள், கரண்டியைக் கீழே வைக்காமல். "பொறந்ததிலேர்ந்து நம்ம தெருவப் பாத்து மூக்கப் பொத்தினவன் எல்லாம் இப்ப அண்ணாந்து பாக்கறான். ரெண்டு நாளைக்குப் பாத்துட்டுப் போகட்டுமே. அதுக்கப்புறம் மேற்குமேட்டுக்கே போவோம்."

அவர் வெளியே போய் இருமினார்.

வாலண்டினா மலையில் எடைபோட்டுக்கொண்டிருந்தாள். தெருவின் தூசியை எடைபோட வேண்டுமானால் தூசியே இல்லாத ஓர் இடத்தோடு ஒப்பிட்டாக வேண்டும், படத்தில் அப்படி ஓர் இடத்தைத் தேடினாள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் பார்த்தாள், கம்பெனி நிபுணர் சுத்தம் என்று சொன்ன அந்த இடம் தெரு போலவே ஒளிர்ந்தது. குளத்தைப் பார்த்தாள், தண்ணீர் மேல் ஆடை போலத் தூசி ஒளிர்ந்தது. ஆஸ்பத்திரியைப் பார்த்தாள், பிரசவ அறையில் சின்னச் சின்னதாக ஒளிர்ந்தது. மயான மேட்டைப் பார்த்தாள், புதைத்து வருஷங்கள் ஆன பிறகும் தாய் மெல்லிதாக ஒளிர்ந்தாள். வீடு வீடாக, வேலி வேலியாக, கிணறு கிணறாக அவள் அந்தத் தூரத்து ஊரைச் சுற்றினாள், ஒரு கைப்பிடி வெறும் வானம் கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் தான் எந்த ஊரிலிருந்து தப்பினோம் என்று நினைத்தாளோ அந்த ஊருக்குள் காலையிலிருந்து மாலை வரை அலைந்தாள், எந்தப் பக்கமும் வாசல் இல்லை.

பிறகு கண்டாள். ஆலைக்கு மேற்கே, தோட்டத்தின் நடுவே, கத்தியால் வெட்டியெடுத்ததுபோல் ஒரு கருப்புச் சதுரம்.

செங்கமலத்துக்குப் போன் போட்டாள். "அத்தை, சூளைக்கு மேற்கால தோட்டத்துக்குள்ள என்ன இருக்கு?"

"கம்பெனியோட விருந்தினர் பங்களா. நான் பாத்திரம் கழுவப் போயிருக்கேன்டி. ரெண்டு கண்ணாடிக் கதவு, ஒண்ணு சாத்தினாத்தான் இன்னொண்ணு தொறக்கும். காலக் கழுவிட்டுத் துணிச் செருப்பு போட்டுக்கணும். செடிக்குக்கூட இலை இலையாத் துடைச்சு விடுவாங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல அத்தை. ஊர்லயே அது ஒண்ணுதான் இருட்டா இருக்கு."

"பாவம்," என்றாள் செங்கமலம்.

விசாரணை தாலுகா அலுவலகத்துக் கூடத்தில் நடந்தது. தெரு முழுவதும் வந்திருந்தது, பெரியதெருவும் வேடிக்கைக்கு வந்திருந்தது. காத்தமுத்துவை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். வெள்ளைச் சட்டை, சிவப்புத் துண்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை. மூச்சு மட்டும் அவரோடு சேர்ந்து வராமல் கொஞ்சம் பின்தங்கி வந்தது. வாலண்டினா படத்தைச் சுவரில் விழ வைத்து, தூசியின் எடையைச் சொன்னாள்.

கம்பெனி நிபுணர் எழுந்தார். ஒரே தொழில்காரர்கள் பேசிக்கொள்கிற மரியாதையோடு கேட்டார். "பின்னணியைக் கழிச்சீங்களாம்மா?"

"கழிச்சேன் சார்."

"வெற்றிடமா எந்த இடத்தை எடுத்துக்கிட்டீங்க?"

"உங்க விருந்தினர் பங்களாவை."

கூடம் சிரித்தது. விசாரணை அதிகாரியே சிரிப்பை மேசைமேல் இருந்த தண்ணீர்க் கிளாஸுக்குள் மறைத்தார். வாலண்டினா தொடர்ந்தாள்: ஊரில் தூசி மண்ணின் இயல்பு என்றால் பங்களாவும் அதே மண்ணில்தான் இருக்கிறது, அங்கே இல்லாதது எதுவும் இயல்பு இல்லை, பங்களாவைத் தெருவிலிருந்து கழித்தால் மிச்சம் வருவது முழுத் தெருவும். நிபுணர் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு கணம் வாலண்டினாவுக்கு மேற்குமேட்டுக் காற்று முகத்தில் பட்டது போலிருந்தது. தகப்பனாரைப் பார்த்தாள். அவர் மகளைப் பார்க்காமல், கூட்டத்தை அளப்பதுபோல் பின்வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கம்பெனி வக்கீல் எழுந்தார். படத்தைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். எடையையும், பங்களாவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். "ஆனால் இந்த வெளிச்சம் சூரியன் பிறப்பதற்கு முன்னால் கிளம்பியது என்று அம்மையாரே சொல்கிறார். என் கட்சிக்காரர் கம்பெனியைப் பதிவு செய்தது அதற்கு மிகவும் பிற்பாடு. கம்பெனி தோன்றுவதற்கு முந்திய தூசிக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?"

விசாரணை அதிகாரி தலையாட்டினார். கூடத்தில் சத்தம் அடங்கியது. வாலண்டினா பதில் தேடினாள். பதில் இருந்தது, போன வாரத்துச் சாம்பல் படத்தில் வந்ததே, வைத்தியலிங்கத்தின் மொட்டைமாடியே சாட்சி என்று அவள் வாயைத் திறக்கும் முன், காத்தமுத்து எழுந்துவிட்டார். எதிரி தப்பான இடத்தில் கால் வைத்தால் அந்தக் காலைப் பிடித்து இழுப்பதுதான் அவர் ஆயுள் முழுதும் செய்த வேலை. இழுக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"வக்கீல் ஐயா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க பெரியவரே."

"அந்தத் தூசி கம்பெனிக்கு முந்தினது. சரி. அந்தப் படத்துல என் வீடு தெரியுதே, அதுவும் கம்பெனிக்கு முந்தினதா?"

வக்கீல் தயங்கினார். "அப்படித்தான் ஆகுது."

"ஆகுதா, இருக்குதா? உங்க வாயால சொல்லுங்க."

"இருக்குது."

"எங்க தெரு?"

"அதுவும்தான்."

வாலண்டினாவுக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வேண்டாம்ப்பா, உக்காருங்க. அந்தப் பேச்சு வேண்டாம்."

அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். பின்தங்கி வந்த மூச்சு அன்று ஓடிவந்து அவரோடு சேர்ந்துகொண்டது. பழைய குரல், ஆலை வாசலைக் கிடுகிடுக்க வைத்த குரல், எங்கே இருந்ததோ எழுந்து வந்தது.

"சூரியன் பொறக்கறதுக்கு முந்தியே நாங்க இங்க இருந்திருக்கோம்! அப்ப இந்த மண்ணு யாருது?"

"எங்களது!" என்றது தெரு.

"யாருது?"

"எங்களது!" செங்கமலம் பெஞ்சுமேல் ஏறி நின்றாள். கண்ணீர் விட்டபடி சிலர் கை தட்டினார்கள். வாலண்டினா மட்டும் உட்கார்ந்திருந்தாள். விசாரணை அதிகாரி அந்தப் பதிலை நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வந்தது. சூளைத்தெருவாசிகள் நினைவுக்கும் பூமிக்கும் எட்டாத காலம் முதல் அந்த மண்ணில் தொடர்ந்து வசித்து வருவது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆகவே அந்த இடம் அவர்களுடையது, பட்டா வழங்கப்படும். மண்ணுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் வழக்கம்போல அரசாங்கத்துடையது, அரசாங்கம் வழக்கம்போல அதைக் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது. மேற்குமேட்டைப் பொறுத்தவரை, அது நிலமில்லாதவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். சொந்த நிலம் உள்ளவர்களுக்கு மாற்று இடம் கொடுக்க விதியில்லை.

முதல் பாதியைக் கேட்டதுமே வெடி போட்டார்கள். மேளம் வந்தது, காத்தமுத்துவைத் தோளில் தூக்கித் தெரு நெடுகக் கொண்டுபோனார்கள், ஆடியவர்களின் காலடியிலிருந்து தூசி எழுந்து அவரைச் சுற்றிக்கொண்டது. கடைசி வாசலில் இறக்கியபோதுதான் செங்கமலம் இரண்டாம் பாதியை யோசித்து முடித்தாள்.

"தோழரே, நாம ஜெயிச்சமா தோத்தமா?"

"ஜெயிச்சோம்," என்றார் காத்தமுத்து. சொன்ன பிறகு வெகுநேரம் இருமினார். இருமி முடித்ததும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மலைக்குக் கிளம்பும் முன் வாலண்டினா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்பவாவது என்னோட வாங்கப்பா."

"பட்டா வாங்கினவன் அடுத்த பஸ்ஸுல ஓடிட்டான்னு கம்பெனிக்காரன் சிரிப்பான் ஆயி."

"சிரிக்கட்டுமே."

"சிரிக்கக் கூடாது," என்றார். கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "நீ அன்னிக்குச் சட்டையப் பிடிச்சு இழுத்த. எனக்குத் தெரியாம இல்ல. இழுத்தது தெரிஞ்சுது. ஆனா வாயில வந்துடுச்சே ஆயி, வாய் பூரா வந்துடுச்சே."

அவள் மலைக்குப் போனாள். தொலைநோக்கியை வேறொரு மண்டலத்துக்குத் திருப்பினார்கள், இன்னும் தொலைவில், வானத்தின் வேறு மூலையில். அங்கேயும் சூளைத்தெரு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. பேராசிரியர் சுதர்சன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, கோபமில்லாமல், தொழிலின் நியாயத்தைச் சொன்னார்: "எல்லாப் படத்துலயும் வருதுன்னா அது பின்னணிம்மா. எங்கும் இருக்கறதைக் கழிச்சுடணும். இல்லேன்னா நாம எதையுமே பார்க்க முடியாது."

அவர் சொன்னது சரி. கழித்தால் தெரு போய்விடும், கழிக்காவிட்டால் வானம் முழுக்கத் தெருவே இருக்கும். அவள் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்து போக எந்தப் பக்கமும் இடமில்லாதவள்போல. ஊரில் தூசியைச் சாக்கில் கட்டுகிற பழக்கம் இன்னும் விடவில்லை. சொந்த மண் ஆயிற்றே, இப்போது வாசலில் விழுவதை யாரும் தள்ளிவிடுவதில்லை. படத்துக்குப் படம் தெரு கூடுதலாக ஒளிர்ந்தது. கடைசி வாசலின் புள்ளியும் ஒளிர்ந்தது. அது முன்பு வெதுவெதுப்பாக, விளிம்பு மங்கி, நடுங்கிக்கொண்டிருந்த புள்ளி. இப்போது நடுக்கம் குறைந்துகொண்டே வந்தது, பிரகாசம் ஏறிக்கொண்டே வந்தது. பிரகாசத்தை வைத்து எடைபோடுகிற கணக்கு அவளுக்கு மனப்பாடம். அந்தப் புள்ளிக்கு மட்டும் ஒருபோதும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

மத்தியானம் போன் வந்தது. முதலில் மூச்சுத்தான் கேட்டது, பிறகு குரல்.

"சாப்பிட்டியா ஆயி?"

"சாப்பிட்டேன்ப்பா. நீங்க?"

"செங்கமலம் கஞ்சி குடுத்தா. குடிக்கிற வரைக்கும் எதிர்ல நின்னு ஏசினா." மூச்சு வாங்கினார். "இன்னிக்குப் படம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"பெரியதெரு?"

"இன்னும் மங்கல்தான்."

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் ஓயும்வரை அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே புள்ளி நடுங்கவில்லை, அசையாமல் எரிந்தது.

"நான் எப்படித் தெரியறேன் ஆயி?"

அவள் விரல் கழிக்கிற விசைமேல் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத் தெரியறீங்கப்பா."

"வெளிச்சமாவா?"

"ரொம்ப வெளிச்சமா."

மறுமுனையில் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தமும், லாரி முடுக்கில் திரும்புகிற சத்தமும் கேட்டன.

"எவ்வளவு இருக்கும்னு கணக்குப் போட்டுடாத," என்றார் காத்தமுத்து. "சும்மா பாத்துக்கிட்டு இரு."